ஒரு பக்கம் தைக்காத சட்டைகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

வருஷம் திரும்பும்வரை இந்த வீட்டுக்குள் புதுத்துணி வரக் கூடாது. போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் போனார். இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. என் உள்பாவாடை இரண்டும் உட்கார்ந்தால் கிழிகிற கதிக்கு வந்துவிட்டன. பீரோவைத் திறந்து, கட்டாமல் வைத்திருந்த பச்சை நூல் சேலையை எடுத்து வெட்டினேன். இரண்டு உள்பாவாடை ஆயிற்று. மிச்சத்தில் ஒரு தலையணை உறை.

அந்தச் சேலை மூத்த நாத்தனார் அன்னத்தாய் 1991 தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது, "ஒன் நெறத்துக்கு இதுதான் அடங்கும்" என்றாள். பக்கத்தில் பால்காரர் நின்றார். இப்போது உள்பாவாடையாகக் கிடக்கிறது. பொருத்தம்தான்.

இந்த டைரி அவர் பெயருக்கு வந்தது. ஓய்வுபெற்ற கண்டக்டர்களுக்குச் சங்கத்தில் வருஷா வருஷம் அனுப்புவார்கள். ஆள் போன பிறகும் தை மாதம் 'திரு. தவசிலிங்கம்' என்று எழுதி வந்து நின்றது. தையல் அளவு எழுதத் தாள் வேண்டியிருந்ததால் இன்றைக்குத்தான் பிரித்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் எழுத்து. அளவு எழுத அது போதும்.

இடுப்பு 36. உயரம் 37.

ஆகஸ்ட் 6, புதன்

அவருடைய காக்கிச் சட்டை இரண்டைப் பிரித்து மிஷினுக்கு உறை தைத்தேன். பித்தான்களை அறுத்து டப்பாவில் போட்டேன். இன்று யாரும் கதவைத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இளங்கோ ஞாயிற்றுக்கிழமைதோறும் பூனாவிலிருந்து போன் பண்ணுவான். இன்று எடுத்தவுடன் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, ஒரு விசயம் சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு. கோவப்படுறதா வேணாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"அக்காவுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்துருச்சு."

"எந்த அக்காவுக்கு?"

"எனக்கு எத்தன அக்காம்மா இருக்கு?"

அவனே சொன்னான். தமயந்திக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பார்க்காத டாக்டர் இல்லை. இப்போது தங்கியிருக்கிறது. வருகிற இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை திருநகரில் மாமியார் வீட்டிலேயே வளைகாப்பு. பிரசவமும் அங்கே இருந்துகொண்டே பார்ப்பதாக ஏற்பாடு.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் மாசமே சொல்லிட்டா. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னா."

"அப்ப இப்ப ஏன் சொல்ற?"

"எனக்கு மனசு கேக்கல. நீ ஒரு வார்த்த பேசும்மா அவகிட்ட."

"வருசம் திரும்பாம நான் எந்த நல்லது கெட்டதுக்கும் போகக் கூடாது. அவளுக்கும் தெரியும்" என்றேன்.

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். இங்கே எல்லீஸ் நகரிலிருந்து திருநகருக்கு ஒரே பஸ். எட்டு மாதமாக ஒரு பஸ் தூரத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பீரோவில் இருக்கிற எல்லாவற்றையும் கட்டில்மேல் இறக்கினேன். பூச்சி அரிக்கிறதா என்று பார்க்கத்தான்.

பிறந்த பிள்ளைக்குப் பதினாறு நாள் வரைக்கும் புதுத்துணி போட மாட்டோம். பெரியவர்கள் கட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் போடுவோம். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், பச்சை உடம்பை உரசும். அதோடு, கட்டினவர்களின் ஆயுசும் சேர்ந்து வரும் என்று ஒரு கணக்கு. இளங்கோவின் பிள்ளைகள் இரண்டும் பூனாவில் பிறந்தன. மூத்ததுக்கு நான் பழைய வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் அதைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். கடையில் வாங்கிய சட்டையில் கரடி படம் போட்டிருந்தது. அது 2014 மார்ச் ஒன்பதாம் தேதி.

நான் யாருக்கும் தைக்கவில்லை. எந்தச் சேலை மெத்தென்று இருக்கிறது என்று தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதினோரு நூல் சேலை தேறியது. ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தால் ஒரு வாய் பேசுகிறது.

கருநீலம், என் அண்ணன் மனைவி கொடுத்தது. அதைக் கொடுத்த மறுவாரமே, "அவளுக்கு நாங்கதான் உடுத்திப் பாக்குறோம்" என்று கோவிலில் நாலு பேரிடம் சொன்னாள். கத்தரிப்பூ நிறத்தைத் தமயந்தி கல்யாணத்தில் சம்பந்தி பாக்கியத்தம்மாள் வைத்துக் கொடுத்தாள். சேலை நல்ல சேலை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து எங்கள் கேசரியை விரலால் தொட்டு, "பசை நல்லா இருக்கு, போஸ்டர் ஒட்டலாம்" என்றவள் அவள். மஞ்சளில் சிவப்புப் புள்ளி, இவர் சித்திரைத் திருவிழாவில் தானாக எடுத்து வந்தது. ஆறு வருஷம் நெஞ்சு நிறையக் கட்டினேன். அப்புறம் ஒருநாள் அன்னத்தாய் வீட்டுக் கொடியில் அதே சேலை காய்ந்தது. ஜோடியாக எடுத்திருக்கிறார் மனுஷன். அதற்கப்புறம் கட்டவில்லை.

இந்தச் சேலைகளை வெட்டிப் பிடிதுணி ஆக்கலாம். பிள்ளை உடம்பில் போட ஆகாது. பேச்சு வாங்கிய துணி உறுத்தும்.

பதினொன்றில் ஒரு சொல்லும் ஒட்டாதது இரண்டுதான். ஒன்று என் அம்மாவின் வெள்ளை நூல் சேலை. அம்மா பேசவே மாட்டாள், அதனால் மிஞ்சியது. இன்னொன்று ஆரஞ்சுச் சுங்குடி. தமயந்தி வயிற்றில் இருந்தபோது கட்டினது. அதிலும் ஒரு சொல் இருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இளங்கோ போன் பண்ணினான். பேசினாயா என்றான். நீ சாப்பிட்டாயா என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை. வெயில் நல்ல வெயில். வருகிறவர்களுக்கு வசதி.

புளிச்சோறு கிண்டினேன். பிறகு எலுமிச்சைச் சோறும் கொஞ்சம். தேங்காய் கிடந்தது, வீணாகும் என்று தேங்காய்ச்சோறும். தயிர்ச்சோறு எப்படியும் உண்டு. ஒருத்திக்கு அளவாகக் கிண்ட இன்னும் கை பழகவில்லை. எதிர் வீட்டு ஜுபைதாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

அவள் நாலு கிண்ணத்தையும் பார்த்தாள். "என்னக்கா, வளைகாப்புச் சோறு மாதிரில இருக்கு. யாருக்கு?" என்றாள்.

"ஒனக்குத்தான். திங்க வாய் இருந்தாத் தின்னு."

"எனக்கு வளைகாப்புன்னா எம்மருமக வெளக்குமாத்த எடுத்துருவா" என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோனாள். சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. வாய் அகலம், மனசு சுத்தம். பதினெட்டு வருஷத்தில் அவள்மீது எனக்கு இரண்டே வருத்தம்.

சாயங்காலம் ஆரஞ்சுச் சுங்குடியை எடுத்து வெட்டினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுதாமல் விட்டால் நான்தான் வீம்புக்காரி என்று ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் குடும்பம், அன்னத்தாய் குடும்பம், டிப்போவிலிருந்து வந்த எட்டு பேர். நான் பாயசம் ஊற்றச் சொன்னேன். தமயந்தி எழுந்து நின்றாள். "அப்பாவ நீதான் கொன்ன" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. ஹாஜர் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள், அவள் பள்ளிக்கூடத்து வாத்திச்சி. எட்டு டிப்போக்காரர்களின் கையும் பாயசத்திலேயே நின்றுபோயிற்று.

"இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். மிதிக்கவில்லை. சொன்ன பேச்சை அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜுபைதா நூல்கண்டு கேட்டு வந்தாள். நான் மறைப்பதற்குள் மிஷின்மேல் கிடந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். உள்ளங்கை இரண்டு அகலம். முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற சட்டை.

"யா அல்லா, பிள்ளச் சட்ட! தமயந்திக்கா?"

"சட்டை இல்ல. நல்லாப் பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் தையல் இல்லாமல் திறந்து கிடந்தது. "ஒரு பக்கம் தைக்கலையே?"

"தைக்கலேல்ல? அப்ப அது சட்டை இல்ல. வெறும் துணி."

பிள்ளை பூமிக்கு வருமுன்னால் அதற்கென்று சட்டை தைத்து வைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் யாரும் வைக்க மாட்டார்கள். வெட்டலாம், ஓரம் அடிக்கலாம், நாடா வைக்கலாம். ஒரு பக்கம் திறந்து கிடந்தால் அது துணிதான், யார் கண்ணும் அதில் படாது. என் அம்மா எனக்கு இப்படித்தான் வைத்திருந்தாள்.

"எப்பிடியெல்லாம் ஏமாத்துறீங்க ஆண்டவன" என்றாள் ஜுபைதா. கட்டிலில் உட்கார்ந்து எண்ணினாள். ஏழு இருந்தது.

"கொண்டு போய்க் குடுப்பீங்களா?"

"நான் எங்க போறது? வருசம் திரும்பல."

"அப்ப எதுக்குத் தைக்கிறீங்க?"

"துணி கெடக்கு."

"துணி கெடந்தா எனக்கு ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுங்களேன். அதுக்கு மட்டும் மிஷின் ஓடாது."

அவளிடம் நூல்கண்டு கொடுத்து அனுப்பினேன். வெள்ளைக் கண்டு கேட்டாள், ஊதாவைக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் திரும்ப வருவாள்.

வந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினொன்று ஆயிற்று. அம்மா சேலையில் ஆறு, சுங்குடியில் ஐந்து. இரண்டிலும் இற்றுப்போகாத இடம் தீர்ந்தது. கணக்குக்கு இன்னும் ஒன்று இருந்தால் பன்னிரண்டு.

அவருடைய கைலிகள் மூன்று கீழ்த்தட்டில் கிடக்கின்றன. நீலக் கட்டம், நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். வேலை விட்டு வந்தால் காக்கியைக் கழற்றிவிட்டு அதைத்தான் கட்டுவார். வேறு நிறம் எடுத்தால் கட்ட மாட்டார். பத்து வருஷம் துவைத்த கைலி வெண்ணெய் மாதிரி இருக்கிறது. அம்மா சேலைகூட அவ்வளவு மெத்தென்று இல்லை.

செத்தவர் உடுப்பைப் பிறந்த பிள்ளைக்குப் போட மாட்டார்கள். ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? காரியம் முடிந்த அன்றே அவர் துணியையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். பாதிதான் கொடுத்தேன்.

ஒரு கைலியை வெட்டினேன். பெரிய துணி, ஆனாலும் சின்னதாக ஒன்று மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை மடித்து வைத்தேன். இதையும் ஒரு பக்கம் தைக்கவில்லை. அடியில் வைத்தேன், மேலே அம்மா சேலைச் சட்டைகளை அடுக்கினேன்.

அளவு ஒன்றும் எழுத வேண்டியதில்லை. தமயந்தி பிறந்தபோது என் கைக்குள் எப்படி இருந்தாள் என்று என் கைக்குத் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

ஆகஸ்ட் 25 அன்று எழுதியதை இன்றைக்கு வாசித்துப் பார்த்தேன். முழுசாக எழுதவில்லை.

அவள் சொன்னது, "அப்பாவ நீதான் கொன்ன. ஏங்கூடப் போட்டி போட்டுக் கொன்ன."

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சீனி, மூச்சு ஒருமாதிரி புடிக்கிது" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நெஞ்சைத் தேய்த்தார். நேற்றுத் தின்ற மொச்சை, வாயு என்றேன். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அந்த நேரத்துக்குத் தமயந்தி போன் பண்ணினாள். அவரிடம் பேசிவிட்டு என்னிடம் தரச் சொன்னாள்.

"அம்மா, ஒடனே ஆட்டோவக் கூப்புடு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் அங்க வந்துர்றேன். பேசிட்டு நிக்காத."

அந்தக் குரல். அதற்கு முந்தின மாதம் என் குழம்பில் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அதே குரலில்தான். அதற்கு முன்னால், அப்பா மாத்திரையை நீ ஏன் டப்பா மாற்றி வைத்தாய் என்று கேட்டதும். நான் அவரோடு நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியவள்.

"எங்களுக்குப் பாக்கத் தெரியும். நீ ஒன் வேலயப் பாரு. திங்கக்கெழம போயிக்கிறோம்" என்றேன். வைத்துவிட்டேன். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. சாயங்காலம் அவருக்குச் சற்றுத் தேவலை. "போலாமா?" என்று ஒருதரம் அவரே கேட்டார். நாளைக்கு என்றேன். திங்கட்கிழமை காலை காப்பி ஆற்றி எழுப்பினேன்.

போகலாம் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். பால்காரர் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இளங்கோவின் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பத்து மணிக்கு இளங்கோ. வியாழக்கிழமையில் அவன் போன் வந்தால் வேறென்ன.

"பொம்பளப் புள்ளம்மா. காலைல ஏழு அம்பதுக்கு. ஆபரேசன்தான். ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"தலமுடி இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பூனாவுல இருக்கேன்."

"கேக்க மாட்டியா அத?"

அவன் சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். அவன் அழுகிறான் என்று தெரிந்தது. அவன் சின்னதிலிருந்தே அப்படித்தான்.

பன்னிரண்டு சட்டைக்கும் விட்டுப்போன பக்கத்தைத் தைத்தேன். ஒரு மணி நேரத்து வேலை. நாலு மணி நேரம் ஆயிற்று. வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டேன். பன்னிரண்டும் கொடியில் ஆடுவதைக் கீழ்வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்க மாட்டாள். 2009இல் கொடிக் கயிற்றுக்காக நடந்த பேச்சுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஜுபைதாவிடம் கொடுத்து அனுப்பலாம் என்று கேட்டேன்.

"நான் எதுக்குக்கா? பாட்டி நீங்க உசுரோட இருக்கீங்க."

"வருசம் திரும்பல, ஜுபைதா. துக்கக்காரி பிறந்த பிள்ளை முன்னாடி போயி நிக்கலாமா?"

"அவுக வாசல்ல வச்சுச் சொல்லட்டும், திரும்பி வந்துருங்க. இப்பவே திரும்பி ஒக்காந்துட்டா எப்பிடி?"

எழுந்து போகும்போது என் சேலையைப் பார்த்தாள். "இதக் கட்டிட்டுப் போகாதீங்க. சாக்கு மாதிரி இருக்கு."

செப்டம்பர் 13, சனி

போனேன்.

ஆஸ்பத்திரி பைபாஸ் ரோட்டில். இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் நம்பர் அறை. பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதே சொல்ல வேண்டியதை வாய்க்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நீ சொன்னது சரிதான், அன்றைக்கே போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் வாக்கியம். சின்ன வாக்கியம்.

அறை வாசலிலேயே பாக்கியத்தம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மரியாதைக்கு எழுந்தாளா, மறிக்க எழுந்தாளா என்று தெரியவில்லை.

"வாங்க சம்பந்தி. குத்தமா நெனைக்காதீக. ஒங்களுக்கு வருசம் திரும்பலைல்ல? பச்சப்புள்ள கெடக்குற எடம்."

"தெரியும். இதக் குடுத்துட்டுப் போயிர்றேன்" என்று பையை நீட்டினேன்.

அவள் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு அத்தை?"

"ஒங்கம்மாதான் ஆத்தா."

பக்கத்து அறையில் யாரோ இட்லிக்குச் சட்னி பற்றவில்லை என்று நர்சிடம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை முழுவதையும் கேட்டேன்.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் தமயந்தி.

பாக்கியத்தம்மாள் ஒதுங்கினாள்.

முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள்.

"என்னது?"

"துணி."

"யாரு தச்சது?"

"மிஷின் யார்ட்ட இருக்கு?"

பையைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். அடியில் வைத்தது மேலே வந்து விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய? கைலிச் சட்டையை இரண்டு விரலால் எடுத்தாள். விரித்தாள். மஞ்சள் கோடு சரியாக நடுநெஞ்சில் ஓடியது. நான் அப்படித்தான் பார்த்து வெட்டியிருந்தேன்.

"அப்பா கைலி" என்றாள்.

"செத்தவுக துணியா?" பாக்கியத்தம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். "ஆத்தாடி, அத எடுத்து அங்கிட்டு வையி ஆத்தா. ஏன் சம்பந்தி, நீங்க பெரியமனுசி, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தமயந்தி முந்திக்கொண்டாள்.

"இருக்கட்டும் அத்தை. அப்பா தூக்கியிருந்தாலும் இந்தக் கைலியோடதான் தூக்கியிருப்பாக."

தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டாள். அப்போதுதான் பார்த்தேன். தலை நிறைய முடி. கன்னம் இரண்டும் பணியாரம். பாக்கியத்தம்மாளின் பழைய சேலையில் சுற்றிக் கிடந்தது. முதல் துணி அவளுடையது. அது முறைதான்.

தமயந்தி கைலிச் சட்டையின் கைக்குழியில் பிள்ளையின் கையை நுழைத்தாள். முழங்கைக்குமேல் ஏறவில்லை. பிள்ளை கத்தியது. அம்மா சேலைச் சட்டையை எடுத்தாள். அதுவும் ஏறவில்லை. சுங்குடியை எடுத்துப் பிள்ளை மார்பில் வைத்து மட்டும் பார்த்தாள். பாதி மார்பு வெளியே நின்றது.

"யாரு அளவுக்குத் தச்ச?"

"ஒன் அளவுக்கு."

"நான் ஒண்ணே முக்காக் கிலோ. எட்டு மாசத்துலயே வந்துட்டேன்னு நீதான சொல்லுவ. இவ மூணே முக்கா."

பாக்கியத்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்தி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் ஞாபகத்துக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. பிள்ளைக்குத்தான் சரியில்லை. பன்னிரண்டும் சரியில்லை.

"தமயந்தி, அன்னைக்கி நீ சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அத இப்பப் பேச வேணாம்." கைலிச் சட்டையை மடித்தாள். எனக்குத் தரவில்லை, தலையணைக்கு அடியில் வைத்தாள். "இன்னும் இருக்கா இந்தக் கைலி?"

"இருக்கு."

"அப்ப இதுலயே தச்சுக் கொண்டா. அளவெடுத்துட்டுப் போ."

"டேப்பு வச்சு அளக்கக் கூடாது, வளத்தி நின்னுரும்" என்றாள் பாக்கியத்தம்மாள்.

"டேப்பு கொண்டாரல" என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து சாணால் அளந்தேன். மார்பு, கை, கழுத்து. அவசரப்படவில்லை. அளந்ததையே இரண்டாம் முறையும் அளந்தேன். தமயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம வீட்டுக்குப் போயிருவோம். திருநகருக்குக் கொண்டா" என்றாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. எல்லீஸ் நகர் வந்தும் இறங்கவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

மார்புச் சுற்று, என் சாண் இரண்டுக்கு மூன்று விரல் குறைவு. கை நீளம் ஏழு விரல். கழுத்து நல்ல கழுத்து, தனியாகத் தெரிகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் மிச்சக் கைலியை எடுத்து வெட்டினேன். மூன்று சட்டை. நாளைக்கு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

ஜுபைதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனது வந்தது எல்லாம் கேட்டாள். தமயந்தி பேசினாளா என்றாள். பேசினாள் என்றேன். என்ன பேசினாள் என்றாள். அளவு என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தைத்த சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள்.

வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிறவர்கள் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடுவார்கள். இறுகினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம், மூன்று மாதம் வரும். தையல் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும்.

"என்னக்கா, உள்ள ஒண்ணுமே விடாம ஒட்டத் தச்சிருக்கீங்க? எட்டு நாள்ல பத்தாமப் போயிருமே. திரும்ப அளவெடுக்கப் போகணும், திரும்பத் தைக்கணும்."

"துணி பத்தல" என்றேன்.

இன்னும் வெட்டாத கைலிகள் இரண்டும் என் மடியில்தான் கிடந்தன. ஜுபைதா அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, ஊசியில் நூல் கோத்துத் தரவா என்று கேட்டாள்.